பொம்பெயி நகரின் வீடுகளும் பொதுக்கட்டடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்குப் பக்கத்தில், கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை கக்கிய கல்லுக்கும் சாம்பலுக்கும் அடியில் மூடுண்ட ரோமானிய ஊர் பொம்பெயி. அதன் படங்களைக் காட்டி நான் பேசுகிற இடங்களில் எல்லாம் எரிமலையைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் கட்டடங்களைப் பற்றிப் பத்து கேள்விகள் வருகின்றன. ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பொம்பெயி பெரிய சிட்டியா, சின்ன ஊரா?

நடுத்தர ஊர். மதிலுக்கு உட்பட்ட பரப்பு சுமார் 66 ஹெக்டேர், அதாவது 160 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. மக்கள் தொகையை ஆளுக்கொரு விதமாகக் கணக்கிடுகிறார்கள். பத்தாயிரத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஊர்கள் இத்தாலி முழுக்க இருந்தன. தலைநகரத்து ஆடம்பரம் இல்லாத சாதாரண ஊர் என்பதாலேயே பொம்பெயி எனக்குப் பிடிக்கும்.

முதலில் இது ரோமானியர் ஊரும் அல்ல. ஆஸ்கன் என்ற பழைய இத்தாலிய மொழி பேசியவர்களின் ஊர். கி.மு. 80-இல் ரோமானியத் தளபதி சுல்லா தன் பழைய படைவீரர்களை இங்கே குடியமர்த்திய பிறகுதான் இது ரோமானியக் குடியேற்ற நகரம் ஆனது. அகழாய்வு 1748-இல் தொடங்கியது. தோண்டுவது பொம்பெயிதான் என்று ஒரு கல்வெட்டால் உறுதியானது 1763-இல். இன்றுவரை மூன்றில் இரண்டு பங்குதான் வெளியே வந்திருக்கிறது.

"வெட்டி வீடு", "ஃபான் வீடு"ன்னு சொல்றீங்களே, அப்பவே வச்ச பேரா?

இல்லை, எல்லாம் தோண்டியவர்கள் வைத்த பெயர்கள். நடனமாடும் ஃபான் என்ற வனதேவதையின் வெண்கலச் சிலை கிடைத்தது ஃபான் வீடு. உரிமையாளர் பெயர் பொறித்த முத்திரைகள் கிடைத்தது வெட்டி வீடு. இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காத கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஆலுஸ் வெட்டியுஸ் கொன்விவா, ஆலுஸ் வெட்டியுஸ் ரெஸ்டிட்யூட்டுஸ் என்ற அந்த இருவரும் வெட்டியாக இருந்தவர்கள் அல்லர். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்று, பெரும் பணம் சேர்த்தவர்கள்.

ஊரை ஒன்பது வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாசலுக்கும் எண் கொடுத்தவர் 19-ஆம் நூற்றாண்டில் அகழாய்வை நடத்திய ஜுசேப்பே ஃபியோரெல்லி. இன்றைக்கும் அந்த எண்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன.

தெருக்கதவைத் திறந்து உள்ளே போனா முதல்ல என்ன இருக்கும்?

வசதியான வீடாக இருந்தால், முதலில் ரேழி போலக் குறுகலான ஒரு நடை. அதைக் கடந்தால் உயரமான கூடம். அதற்கு ஏட்ரியம் என்று பெயர். இன்றைக்கு மால்களில் ஏட்ரியம் என்கிறார்களே, சொல் இங்கிருந்து போனதுதான். கூடத்தின் நடுவே கூரை திறந்திருக்கும். அதற்கு நேர் கீழே ஆழமில்லாத சதுரத் தொட்டி. சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். பலவற்றில் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது.

வாசலுக்கு நேர் எதிரே, கூடத்தைத் தாண்டி, வீட்டுத் தலைவர் உட்காரும் திறந்த அறை. அதன் பெயர் டாப்ளினம். அதற்கும் பின்னால் தூண்கள் சூழ்ந்த தோட்டம். வாசலில் நிற்பவன் கண்ணுக்குக் கூடம், தொட்டி, தலைவர், தோட்டம் எல்லாம் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். மனை கோணலாக இருந்தால்கூட உள்சுவரை வளைத்தும் தூண்களின் இடைவெளியை மாற்றியும் அந்த நேர்ப்பார்வையைச் சரிக்கட்டியிருக்கிறார்கள்.

ஃபான் வீடு இதன் உச்சம். ஒரு தெருக்கட்டு முழுவதும், கிட்டத்தட்ட 3,000 சதுர மீட்டருக்கு, ஒரே வீடு. கூடம் இரண்டு, தூண் தோட்டம் இரண்டு. வாசல் நடைபாதையில் வணக்கம் சொல்லும் லத்தீன் சொல்லைக் கல்லில் பதித்திருக்கிறார்கள். அலெக்சாண்டர் போர் புரியும் புகழ்பெற்ற மொசைக் தரை (சின்னச் சின்னக் கல் துண்டுகளைப் பதித்து உருவாக்கிய படம்) 1831-இல் இந்த வீட்டில்தான் கிடைத்தது.

கூரை நடுவுல திறந்திருந்தா மழை உள்ளே வராதா?

வர வேண்டும் என்றுதான் திறந்து வைத்தார்கள். நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரியும். மழைநீர் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து தரைக்கடியில் உள்ள நிலத்தடித் தொட்டிக்குப் போகும். பக்கத்தில் கிணற்று வாய் போலக் கல் வளையம் இருக்கும். அதன் வழியாக வாளியில் இறைத்துக்கொள்ளலாம். சில வளையங்களில் கயிறு உராய்ந்த தடம் இன்னும் தெரிகிறது.

பின்னாளில் குழாய்த் தண்ணீர் வந்ததும் பல வீடுகளில் அந்தத் தொட்டி அழகுக்கான நீரூற்றாக மாறிவிட்டது. ஆனாலும் கூரைத் திறப்பை மூடவில்லை. வெளிச்சம் வர அதைவிட்டால் வேறு வழி இல்லை.

தெருப் பக்கம் ஜன்னலே காணோமே?

தெருவைப் பார்த்த பக்கத்தைக் கடைகளுக்கு விட்டுவிட்டார்கள். பெரிய வீடுகளின் முகப்பில்கூட வாசலுக்கு இருபுறமும் வாடகைக் கடைகள் இருக்கும். கடை வாசற்படியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அதில் செருகிக் கடையை அடைப்பார்கள். மீதிச் சுவரில் உயரத்தில் சின்னத் துளை போன்ற சன்னல்கள் மட்டும். திருட்டுப் பயமும் உண்டு, தெருச் சத்தமும் உண்டு.

வீடுன்னா நம்ம குடும்பம் மட்டும் இருக்கிற இடம்தானே? கண்டவங்களும் உள்ளே வருவாங்களா?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் ரோமானிய வீட்டைப் பற்றிய பாதிக் குழப்பம் தீரும். வருவார்கள், தினமும் காலையில் வருவார்கள். செல்வாக்குள்ள ஒருவரை அண்டிப் பிழைப்பவர்கள் விடிந்ததும் அவர் வீட்டுக் கூடத்துக்குப் போய் வணக்கம் சொல்ல வேண்டும். கடன், சிபாரிசு, வழக்கு, தேர்தல் எல்லாப் பேச்சும் அங்கேதான் நடக்கும். அதனால்தான் சில வீடுகளின் வெளிச்சுவரை ஒட்டித் திண்ணை கட்டியிருக்கிறார்கள். முறை வரும்வரை அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

கட்டடக்கலை நூல் எழுதிய விட்ருவியஸ் இதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார். முன்வாசலும் கூடமும் தூண் தோட்டமும் யாரும் அழைப்பில்லாமல் வரக்கூடிய இடங்கள். படுக்கையறை, விருந்தறை, குளியலறைக்கு அழைத்தால்தான் வர வேண்டும். சாதாரண ஆட்களுக்குப் பெரிய கூடம் தேவையில்லை, அவர்கள்தானே மற்றவர் வீட்டுக்குப் போகிறவர்கள் என்கிறார். இரக்கமில்லாத பேச்சு, ஆனால் உண்மை.

வெட்டி வீட்டின் கூடத்தில் இரும்பும் வெண்கலமும் அடித்த இரண்டு பணப்பெட்டிகளை, வருகிறவன் கண்ணில் படும்படி வைத்திருந்தார்கள். பணத்தை ஒளித்துவைக்கும் அறை அல்ல அது, காட்டும் அறை.

எல்லாருமே இப்படிப்பட்ட வீட்டுலயா இருந்தாங்க? ஏழைங்க எங்க இருந்தாங்க?

கடைக்குப் பின்னால் ஓர் அறை, கடைக்கு மேலே மரப் பரண், மாடியில் வாடகை அறை. பெரும்பாலானோர் வாழ்க்கை அவ்வளவுதான். ஒரு சுவரில் வாடகை விளம்பரமே இருந்தது. க்னாயுஸ் அல்லெயுஸ் நிகிடியுஸ் மாயுஸ் என்பவருக்குச் சொந்தமான கட்டடத்தில், வரும் ஜூலை முதல் தேதியிலிருந்து பரணோடு கடைகள், நல்ல மாடி அறைகள், வீடு வாடகைக்கு. விவரத்துக்கு அவருடைய அடிமை ப்ரீமுஸைப் பார்க்கவும். புரோக்கர் அன்றைக்கும் இருந்திருக்கிறார்!

பொம்பெயியில் மாடிகள் அதிகம் மிஞ்சவில்லை. மேலே விழுந்த கல் மழையின் கனத்தில் கூரைகள் நொறுங்கிவிட்டன. மாடி வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்து ஊரான ஹெர்குலேனியம் போக வேண்டும். அங்கே சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குச் சூடான சாம்பல் மூடியதால் மரமெல்லாம் கரியாகி அப்படியே நின்றது. மரச்சட்டத்துக்குள் கல்லும் சுண்ணாம்பும் அடைத்துக் கட்டிய மலிவான மாடி வீட்டை அங்கே பார்க்கலாம்.

அடிமைகளுக்கு இந்த அளவுகூடக் கிடையாது. பொம்பெயிக்கு வெளியே சிவிட்டா ஜூலியானா என்ற இடத்துப் பண்ணை மாளிகையில் 2021-இல் ஓர் அறை வெளிவந்தது. 16 சதுர மீட்டருக்குள் மூன்று கட்டில்கள், அதில் ஒன்று குழந்தை அளவு. கூடவே சாமான்களும் ஜாடிகளும். அறையாகவும் இருந்தது, கிடங்காகவும் இருந்தது.

சமையல், கழிப்பறை எல்லாம்?

சொன்னால் முகம் சுளிப்பார்கள். இரண்டும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்திலேயே, சில வீடுகளில் ஒரே அறையில். இடுப்புயரக் கட்டை அடுப்பு ஒரு மூலையில், பலகை போட்ட கழிப்பிடம் இன்னொரு மூலையில். கழிவு உறிஞ்சு குழிக்குப் போகும். சமைப்பது அடிமைகள் வேலை என்பதால் வீட்டுத் தலைவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்.

மாடி அறைக்காரர்களுக்கு அடுப்பே இல்லை. அவர்களுக்குத்தான் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைகள். கட்டைச்சுவரில் பானைகளைப் புதைத்த அந்தக் கடைகள் ஊர் முழுக்க இருக்கின்றன. 2020 டிசம்பரில் அறிவித்த ஒரு கடையின் பானைகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சங்கள் இருந்தன. ரொட்டியும் கடையில்தான் வாங்குவார்கள். ஓர் அடுமனையின் அடுப்பில் 81 ரொட்டிகள் கரியாகிக் கிடந்தன.

சுவர் பூரா சிவப்பா பெயின்ட் அடிச்சிருக்காங்களே, அதுதான் அவங்களுக்குப் பிடிச்ச நிறமா?

பிடிக்கும்தான். ஆனால் இன்று சிவப்பாகத் தெரியும் சில சுவர்கள் முதலில் மஞ்சளாக இருந்தவை. காவி மஞ்சள் எரிமலைச் சூட்டில் சிவந்துவிட்டது. ஓவியங்கள் ஈரச் சாந்தின்மேல் வரைந்தவை. சாந்து காயும்போது நிறத்தைத் தன்னோடு இறுக்கிக்கொள்ளும், அதனால்தான் இவ்வளவு காலம் நின்றது. பழைய பாணியில் வெறும் பளிங்கு மாதிரி தீட்டுவார்கள். அப்புறம் சுவரே திறந்து அப்பால் தூண்களும் தெருக்களும் தெரிவதுபோல வரையத் தொடங்கினார்கள். இதையெல்லாம் நான்கு பாணிகளாக 1882-இல் வகுத்தவர் ஜெர்மன் ஆய்வாளர் ஆகுஸ்ட் மாவ்.

அவ்வளவு பளிங்கு எங்கேயிருந்து வந்துச்சு?

முக்கால்வாசி பளிங்கே அல்ல. உடைந்த கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய சுவர், மேலே வழவழப்பான பூச்சு, அதன்மேல் பளிங்கு வரிகளைத் தீட்டியிருப்பார்கள். பெரிய நீதிமன்றக் கூடமான பசிலிக்காவின் தூண்களே செங்கல்தான். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் பல்லிளிக்கும். சாந்தில் அந்த வட்டாரத்து எரிமலை மணலைக் கலந்ததால் அது கல்போல இறுகியது. ஊரை மூடிய எரிமலைதான் ஊரைக் கட்டவும் கல் கொடுத்தது.

ஃபோரம்னா சந்தையா, கோயிலா, கோர்ட்டா?

மூன்றும். தூண் வரிசை சூழ்ந்த நீண்ட மைதானம், வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வடக்குக் கோடியில் ஜூபிட்டர் கோயில், பின்னணியில் வெசுவியஸ். மேற்கே அப்போலோ கோயில், தென்மேற்கில் பசிலிக்கா, தெற்கே நகர அலுவலகங்கள், வடகிழக்கில் உணவுச் சந்தை. சந்தையின் நடுவிலிருந்து மீன் செதில்கள் கிடைத்தன. மீன் கடை எங்கே இருந்தது என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

எனக்குப் பிடித்தது ஓரத்தில் உள்ள அளவைக் கல்மேசை. வெவ்வேறு அளவில் குழிகள், அடியில் துளை. வியாபாரி அளந்து கொடுத்ததை இங்கே கொட்டிச் சரிபார்க்கலாம். ரோமானியர் வந்தபின் பழைய ஆஸ்கன் அளவுகளை அழித்து, ரோமானிய அளவுக்கு ஏற்பக் குழிகளைத் திருத்தினார்கள். ஆட்சி மாறியது படியிலும் மரக்காலிலும் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் கட்ட அரசாங்கம் காசு கொடுத்துச்சா?

கொஞ்சம் நகரப் பணம், நிறையத் தனியார் பணம். ஆண்டுக்கொரு முறை தேர்ந்தெடுக்கப்படும் நகரத் தலைவர்கள் இருவர், பதவிக்கு வந்தால் ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. செய்ததைக் கல்லில் வெட்டிவைப்பார்கள். வாள்வீரர் சண்டைகள் நடக்கும் வட்ட அரங்கமான ஆம்பிதியேட்டரைக் குவின்க்டியுஸ் வால்குஸ், மார்குஸ் போர்கியுஸ் இருவரும் தங்கள் சொந்தப் பணத்தில் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஃபோரத்தில் பெரிய கட்டடங்களில் ஒன்றை எழுப்பியவர் யூமாகியா என்ற பெண் பூசாரி. தன் பெயரிலும் மகன் பெயரிலும், தன் செலவில். சலவைத் தொழிலாளர்கள் அவருக்கு அங்கே சிலை வைத்தார்கள்.

இந்த ஆசை எதுவரை போகும் என்பதற்கு எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் கோயில் சாட்சி. கி.பி. 62 வாக்கில் வந்த நிலநடுக்கத்தில் இடிந்த அந்தக் கோயிலை அடித்தளத்திலிருந்து மீண்டும் கட்டியவர் நுமேரியுஸ் போபிடியுஸ் செல்சினுஸ் என்கிறது கல்வெட்டு. அவருக்கு வயது 6! பணம் அப்பாவுடையது. அப்பா முன்னாள் அடிமை, நகர மன்றத்தில் உட்கார அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. சுதந்திரமாகப் பிறந்த மகன் பெயரில் கோயிலைக் கட்டினார், மன்றமும் கட்டணம் வாங்காமல் பையனைச் சேர்த்துக்கொண்டது.

நகரப் பணத்தில் செய்தாலும் பெயர் போடாமல் விடமாட்டார்கள். ஃபோரம் குளியல் கூடத்தில் உள்ள பெரிய பளிங்கு நீர்த்தட்டின் விளிம்பில், வாங்கிய அதிகாரிகளின் பெயரும் 5,250 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) என்ற விலையும் வெண்கல எழுத்தில் பதிந்திருக்கின்றன. வீட்டுக் கூடம் ஊருக்குத் திறந்திருந்தது என்று மேலே சொன்னேன். ஊர்க் கட்டடத்திலோ ஒரு வீட்டுப் பெயர் எழுதியிருந்தது. எது தனி, எது பொது என்று நாம் கோடு போடும் இடம் வேறு, அவர்கள் போட்ட இடம் வேறு.

குளியல் கூடத்துல ஆணும் பெண்ணும் ஒண்ணாவா குளிச்சாங்க?

ஸ்டேபியன், ஃபோரம் குளியல் கூடங்களில் இருவருக்கும் தனித்தனிப் பகுதி. பெண்கள் பகுதி சின்னது, அலங்காரமும் குறைவு. 79-இல் கட்டிமுடியாமல் இருந்த மத்தியக் குளியல் கூடத்தில் பெண்களுக்கென்று பகுதியே இல்லை. நேரம் பிரித்துவிட்டிருக்கலாம்.

உடை மாற்றும் அறை, குளிர்நீர் அறை, வெதுவெதுப்பறை, வெந்நீர் அறை என்று வரிசையாகப் போவார்கள். வெந்நீர் அறையின் தரை செங்கல் குட்டைத் தூண்கள்மேல் நிற்கும். அடியிலும் சுவருக்குள்ளும் சூடான காற்று ஓடும். ஃபோரம் குளியல் கூடத்தின் வளைகூரையில் வரிவரியாகப் பள்ளங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஆவி குளிர்ந்து தலையில் சொட்டாமல் சுவரோரம் வழிந்துவிடும். அதே கூடத்து வெதுவெதுப்பறைக்குக் கணப்பும் பெஞ்சுகளும் கொடுத்தவர் பெயர் வாக்குலா. லத்தீனில் சின்னப் பசு என்று பொருள்படும். பெயரோடு நிறுத்தாமல் மாட்டு உருவத்தையும் பொறித்துக் கொடுத்தார்.

மோட்டார் இல்லாம தண்ணி எப்படி வந்துச்சு?

மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான். மலையிலிருந்து வந்த கால்வாய், ஊரின் உயரமான இடமான வெசுவியஸ் வாயிலருகே ஒரு பிரிப்பு நிலையத்தை அடையும். அங்கே மூன்றாகப் பிரிந்து ஈயக் குழாய்களில் இறங்கும். ஊரின் இந்தக் கோடிக்கும் தாழ்ந்த கோடிக்கும் 30 மீட்டருக்குமேல் இறக்கம். நேராக விட்டால் அழுத்தத்தில் குழாய் வெடித்துவிடும். அதனால் வழியில் ஆங்காங்கே கோபுரம் கட்டி, உச்சியில் ஈயத் தொட்டி வைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கினார்கள். தெருவில் சுமார் 40 பொதுக் குழாய்த் தொட்டிகள். அவற்றின் விளிம்பில் கைவைத்துக் குனிந்து குடித்தவர்களால் கல் தேய்ந்து குழிந்திருக்கிறது.

ரோடு நடுவுல பெரிய பெரிய கல்லு எதுக்கு?

தெருவே வாய்க்காலாகவும் இருந்ததால், கால் நனையாமல் கடக்க. இடைவெளியில் வண்டிச் சக்கரம் போகும்.

இங்க இருக்கிற ஆம்பிதியேட்டர் கொலோசியத்தைப் பார்த்துக் கட்டினதா?

தலைகீழ். இது கி.மு. 70-ஐ ஒட்டிக் கட்டியது. ரோம் நகரின் பெரிய அரங்கமான கொலோசியம் திறந்தது கி.பி. 80-இல், பொம்பெயி புதைந்த மறு ஆண்டு. கல்லால் கட்டி இன்றும் நிற்கும் ஆம்பிதியேட்டர்களில் இதுவே மிகப் பழையது. சுமார் 20,000 பேர் உட்காரலாம், அதாவது ஊர் சனத்தைவிட அதிகம். சுற்றுவட்டாரம் முழுக்க வருவார்கள். தரையைத் தோண்டி, அந்த மண்ணையே சுற்றிலும் மேடாக்கி இருக்கைகள் அமைத்தார்கள். மேலே ஏறும் படிகள் வெளிப்புறத்தில் இருப்பது அதனால்தான்.

வெளியூர்க்காரர்கள் வந்தால் சண்டையும் வரும். கி.பி. 59-இல் நுகேரியா ஊர்க்காரர்களோடு கைகலப்பு முற்றிக் கொலையில் முடிந்தது. ரோமின் செனட் இந்த ஊரில் பத்தாண்டுகளுக்கு இத்தகைய காட்சிகளைத் தடை செய்தது. அந்தக் கலவரத்தைத் தன் வீட்டுச் சுவரில் ஓவியமாக வரைந்துவைத்தார் ஒருவர்.

ஊர் அப்படியே உறைஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே, 79-ல ஊர் முழுசா நல்லா இருந்துதா?

இல்லை. கி.பி. 62 வாக்கில் பெரிய நிலநடுக்கம் வந்து, 79-இலும் பழுதுபார்ப்பு முடியவில்லை. மேலே சொன்ன ஐசிஸ் கோயில் எழுந்துவிட்டது. ஜூபிட்டர் கோயில் சீராகவில்லை. அண்மை அகழாய்வில்கூட, வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டில் சுண்ணாம்புக் குவியலும் அடுக்கிய கற்களும் கிடைத்தன. பாதி ஊர் சாரம் கட்டிய நிலையில்தான் புதைந்தது. அதனால், ஓர் அறையில் மூட்டை மூட்டையாகச் சாமான் இருந்தால் அது எப்போதுமே கிடங்கு என்று நம்பிவிடக் கூடாது.

அங்க லட்சுமி சிலை கிடைச்சதாமே? நம்ம ஊர்ல இருந்து போனதா?

1938-இல் ஒரு வீட்டில் கிடைத்த, ஒரு சாண் உயரமுள்ள தந்தப் பெண் உருவம் அது. இந்தியாவில் செய்தது என்பதில் ஐயமில்லை. லட்சுமி என்று பெயர் ஒட்டிக்கொண்டாலும் யட்சி என்பாரும் உண்டு. தலையில் துளை இருப்பதால் கண்ணாடிக் கைப்பிடியாகவோ மேசைக் காலாகவோ இருந்திருக்கலாம். இதை ஒத்த தந்த உருவங்கள் மகாராஷ்டிரத்தின் தேர், போகர்தன் ஊர்களில் கிடைத்திருக்கின்றன. அடியில் இந்தியாவின் வடமேற்கில் வழங்கிய கரோஷ்டி எழுத்தும் உண்டு. எனவே தமிழகத்துச் சிலை என்று பரவும் செய்தியை நான் ஏற்பதில்லை.

நம் பக்கத் தொடர்பு மிளகில் இருக்கிறது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகச் சங்கப் பாட்டு சொல்லும் முசிறியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறதே என்று புலம்பியவரும் அவரே. அவர் இறந்தது இதே வெசுவியஸ் வெடிப்பில், பொம்பெயிக்குப் பக்கத்து ஸ்டேபியேவில்.

இப்ப போனா பார்க்கிறது எல்லாம் ஒரிஜினலா?

சுவரும் தரையும் பெரும்பாலும் பழசு. கூரைகள் புதுசு. நல்ல ஓவியங்களும் மொசைக்குகளும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அலெக்சாண்டர் மொசைக்கும் அங்கேதான். 1943-இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுகள் விழுந்து பல வீடுகள் சேதமாகின. 2010-இல் மழைக்காலத்தில் ஆயுதசாலை என்று அழைக்கப்படும் கட்டடம் ஒன்று தானாகவே சரிந்தது, அதன்பிறகுதான் பெரிய அளவில் பராமரிப்பு தொடங்கியது. வெட்டி வீட்டை 20 ஆண்டுக்காலச் சீரமைப்புக்குப் பின் 2023 ஜனவரியில் திறந்தார்கள்.

ஒரே நாள்தான் இருக்கு, எதைப் பார்க்கலாம்?

காலையில் கூட்டம் வருமுன் வெட்டி வீடு. அடுத்து ஃபான் வீடு, பிறகு ஃபோரம், ஃபோரம் குளியல் கூடம். வெயில் ஏறியதும் நீண்ட கடைத்தெரு வழியாகக் கிழக்கே நடந்து ஆம்பிதியேட்டரில் முடிக்கலாம். நிழல் குறைவு, தண்ணீர்ப் பாட்டிலை மறக்காதீர்கள். காலியானால் தெருவில் உள்ள பழைய தொட்டிகள் சிலவற்றில் இன்றும் குழாய் வைத்திருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளலாம்.